டொரன்டோ மேயர் தேர்தலும் நம்ம மாநகரசபையும்

கொட்டகலை: டொரன்டோவில் மேயருக்குத் தனி ஓட்டாமே? பிஆர் (நிரந்தர வதிவுரிமை) எடுத்த நம்ம ஆட்கள் போடலாமா அண்ணே?

நானுஓயா: முடியாது தம்பி. கனேடியக் குடியுரிமை வேணும், 18 வயது ஆகியிருக்கணும். மேயர், வட்டாரக் கவுன்சிலர், கல்விச்சபை உறுப்பினர் மூன்றுக்கும் தனித்தனி ஓட்டு. 25 வட்டாரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்சிலர். வாக்குச்சீட்டில் கட்சிப்பெயரே இருக்காது. ஆளைப் பார்த்துப் போடணும். அது நல்ல முறை.

மஸ்கெலியா: இங்கே இலங்கையில் நம்ம நுவரெலியா மாநகரசபைக்கு ஒரே ஓட்டு, கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கு. 60 வீதம் ஆசனம் வட்டாரத்தில் வென்றவங்களுக்கு, 40 வீதம் கட்சி, குழுப் பட்டியலில் இருந்து. பாதிக்கு மேல் ஆசனம் எடுத்த கட்சி மேயரை நியமிக்கும். இல்லாவிட்டால் உறுப்பினர்கள் வாக்களிப்பாங்க. கட்சிக்குள்ளே ஆளைத் தெரிவு செய்யும் விருப்பு வாக்கு கிடையாது. ஒரே புள்ளடி (X அடையாளம்) தான், இரண்டு கட்சிக்குப் போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். தோட்டத்து ஆட்கள் வாக்காளர் அட்டையை மட்டும் நம்பிப் போகாதீங்க, அடையாள அட்டை கட்டாயம்.