வீல் ட்ராக்கிங் டெஸ்ட்ல பாதிக்குப் பிறகு சடாரெண்டு இறங்குது, ஏன்?

கல்லடி லெப்:
வணக்கம். மட்டக்களப்புல ஒரு காபட் ரோட்டுக்கு மிக்ஸ் பாக்கிறம், நெல் லொறி ஓடுற ரோட்டு எண்டதால தடம் விழுமோ எண்டு ஹம்பேர்க் டெஸ்டுக்கும் (தண்ணிக்குள்ள வைச்சு சில்லு ஓட்டுற வீல் ட்ராக்கர்) குடுத்தம். 60/70 கிரேட் தார், மார்ஷல் டெஸ்டுல ஸ்டெபிலிட்டி (தாங்கிற பாரம்), ஃப்ளோ (நசியிற அளவு) ரெண்டும் பாஸ். ட்ராக்கர்ல 7 வீதம் வொயிட் (மிக்ஸுக்குள்ள காத்து இடைவெளி), 50 பாகைத் தண்ணி, சில்லு 9000 தரம் போகும் வரைக்கும் 4 மில்லிமீட்டர்தான் இறங்கினது, மறுகா சடசடெண்டு இறங்கி 14000 தரத்துக்குள்ள 12.5 மில்லிமீட்டர் எல்லையத் தாண்டிட்டு. என்னத்த மாத்துறது?

அக்கரைப்பற்று நானா:
தம்பி, தாரைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. தார் கூடினா வெயில்ல தடம் விழும்.

ஒலுவில் சிவில்:
நானா, சில்லு ஓடின முதல் தரத்தில இருந்தே இறங்கிக்கொண்டு போனா நீங்க சொல்றது சரி. இது பாதி வரைக்கும் நல்லா நிண்டிட்டுத்தான் திடீரெண்டு முறியுது, அந்த முறியிற இடத்தத்தான் ஸ்ட்ரிப்பிங் பொயிண்ட் எண்டுறது, தண்ணி போய் கல்லில இருந்து தாரைக் கழட்டுது. இதுல தாரைக் குறைச்சா கல்லைச் சுத்தின பூச்சு மெலிஞ்சு இன்னும் கெதியாக் கழரும். தம்பி, துண்டு கையில இருந்தா சில்லு ஓடின இடத்த உடைச்சு உள்ள கல்லைப் பாருங்க.

கல்லடி லெப்:
உடைச்சுப் பாத்தன் அண்ணன். தடத்துக்கு அடியில கல் வெள்ளையா, தார் ஒட்டாமக் கிடக்கு, ஓரத்தில கறுப்பாத்தான் இருக்கு. தண்ணியும் கலங்கி வந்ததெண்டு அங்க டெஸ்ட் செஞ்சவங்க சொன்னவங்க.

ஒலுவில் சிவில்:
அப்ப அதுதான். மார்ஷல்ல 60 பாகைத் தண்ணியில அரை மணித்தியாலம் சொச்சம் ஊறுது, அவ்வளவுதான், ஹம்பேர்க்ல தண்ணிக்குள்ளயே 705 நியூட்டன் இரும்புச் சில்லு நிமிசத்துக்கு 52 தரம் போகுது, அதாலதான் மார்ஷல் இத காட்டாது. முதல்ல குவாரி டஸ்டை (கல் உடைச்ச தூள்) ஒரு போத்தல் தண்ணியில போட்டுக் குலுக்குங்க, களி மேல மிதந்தா சாமானை மாத்தணும். மழைக்கு நனைஞ்ச குவியல்ல எடுத்த கல்லெண்டா பிளாண்ட்ல சரியாக் காயுதா எண்டும் பாருங்க. மறுகா ஃபில்லர்ல (இடைவெளிய நிரப்பப் போடுற நைசான தூள்) ஒரு பங்குக்கு நீற்றின சுண்ணாம்பு, மொத்தக் கல்லு நிறையில 1 தொடக்கம் 1.5 வீதம் போட்டு, அந்த மிக்ஸை 10 நிமிசம் தண்ணியில கொதிக்க வைங்க. கல் வெளுக்காட்டி மட்டும் திரும்ப ட்ராக்கருக்கு அனுப்புங்க, வீணாக் காசு போகாது.

அக்கரைப்பற்று நானா:
இதுதான் சரி தம்பி, தாரில கை வைக்காதீங்க. சுண்ணாம்பு போட்ட பிறகு வொயிட்டைத் திரும்ப அளக்க மறக்காதீங்க, அது மாறினா பழைய கிராஃபோட ஒப்பிடேலாது.

கல்லடி லெப்:
சரி நானா. நாளைக்கு டஸ்டைக் கழுவிப் பாத்திட்டு, கொதிக்க வைச்ச கல்லுட படத்த இதிலயே போடுறன்.