டிசம்பரில் ஹொக்கைடோவில் காடி ஓட்டலாமா? பனிப்புயல் அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

செந்தூல்காரன்:
வணக்கம். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவுக்குப் போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. நியூ சித்தோசே விமான நிலையத்தில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் இறங்குவோம். அங்கேயே பெரிய காடி ஒன்றை வாடகைக்கு எடுத்து அன்றைக்கே நிசேக்கோ என்ற பனிச்சறுக்கு ஊருக்குப் போய்விடலாம் என்று திட்டம். காராக் நெடுஞ்சாலையில் கொட்டும் மழையில் ஓட்டிப் பழக்கம் உண்டு, உறைபனியில் ஓட்டியதில்லை. ஃபோர்வீல் காடிதான் புக் செய்திருக்கிறேன், அது போதுமா? டயருக்குச் சங்கிலி வேண்டுமா? வழியில் புயல் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

பட்டர்வொர்த் மெக்கானிக்:
ஃபோர்வீல் காடியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்துவதற்கு டயர்தான் எல்லாம். பிரேக் போட்டால் எல்லாக் காடியும் நான்கு சக்கரத்திலும்தானே நிற்கிறது? நம் ஊர் டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துப் பிடியை இழந்துவிடும். பனி டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். ஜப்பானில் அதை ஸ்டட்லெஸ், அதாவது ஆணி இல்லாதது என்பார்கள். ஆணி வைத்த டயர் சாலையை அரைத்துத் தூசி கிளப்பியதால் 1990-இல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார்கள், அப்புறம் இதுதான் வழக்கம். ஹொக்கைடோ வாடகைக் காடிகளில் குளிர்காலத்தில் இதையே மாட்டித் தருவார்கள். இருந்தாலும் சாவி வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அது இருந்தால் சங்கிலிக்கு அநேகமாக வேலை இல்லை.

சப்போரோ ரிட்டர்ன்:
தம்பி, டயரை விடுங்கள், உங்கள் திட்டம்தான் பயமுறுத்துகிறது. டிசம்பர் கடைசியில் அங்கே மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். குடிநுழைவு, பெட்டி, காடிக்கான கையெழுத்து எல்லாம் முடித்து வெளியே வரும்போது கும்மிருட்டு. சித்தோசேயிலிருந்து நிசேக்கோவுக்கு மேப் காட்டும் வழி ஷிக்கோட்சு ஏரியைச் சுற்றி, பிஃபுவே கணவாய் ஏறி இறங்கும். பனியில் முதல் நாள், ராத்திரி, பின்சீட்டில் வயதானவர்கள். வேண்டாமே!

இறங்கிய அன்று ரயிலில் சப்போரோ நகரத்துக்குப் போய்த் தங்குங்கள். மறுநாள் காலை அங்கே காடி எடுத்து 230-ஆம் சாலையில் நக்கயாமா கணவாய் வழியாகப் போங்கள். 835 மீட்டர் உயரம். உச்சியிலேயே சாலையோர நிலையம் இருக்கிறது. பொரித்த உருளைக்கிழங்கைக் குச்சியில் குத்தித் தருவார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அந்தச் சாக்கில் வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கலாம். காலையில் புயல் எச்சரிக்கை இருந்தால் கிளம்பவே கிளம்பாதீர்கள். ஒரு நாள் ஓட்டல் காசு போனால் போகட்டும்.

மலர் பிஜே:
எங்கள் வீட்டில் காடி விஷயத்தை யோசித்துப் பார்த்து பஸ்ஸிலேயே போனோம். விமான நிலையத்திலிருந்து நிசேக்கோவுக்கு நேரடி பஸ் உண்டு. அத்தனை பனியில் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதே சுகம் லா. ஓட்டியே தீர வேண்டுமா அண்ணே?

செந்தூல்காரன்:
அப்பாவுக்கு முழங்கால் வலி, பெட்டியோடு பஸ் ஏறி இறங்குவது சிரமம் மலர். சப்போரோவில் தங்கும் யோசனை நன்றாக இருக்கிறது, முதல் நாள் ஓட்டலை மாற்றிவிடுகிறேன். சரி, ஓட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பட்டர்வொர்த் மெக்கானிக்:
திடீர் என்று எதையும் செய்யாதீர்கள். ஸ்டியரிங், எண்ணெய் மிதி, பிரேக் மூன்றும் மெதுவாக. கெந்திங் மலை இறக்கத்தில் தாழ்ந்த கியர் போட்டு இறங்குவோமே, அதே பழக்கம் கணவாயில் கை கொடுக்கும். வழுக்கினால் பதறாமல் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். அவசரமாக நிறுத்த வேண்டி வந்தால் பிரேக்கை அழுத்தியபடியே வைத்திருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது மிதி காலடியில் தடதடக்கும், அதற்குப் பயந்து விட்டுவிடக் கூடாது. வேகத்தைத் தானாகவே பிடித்து வைக்கும் குரூஸ் கண்ட்ரோல் வேண்டவே வேண்டாம். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் மற்ற இடத்துக்கு முன்பே அது உறைந்துவிடும். ஈரத்தார் போலப் பளபளத்தால் பனிக்கட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சப்போரோ ரிட்டர்ன்:
நம் ஊர்க்காரர்களுக்குத் தோன்றாத சில சங்கதிகள். கிளம்பும் முன் கூரைமேல் இருக்கும் பனியையும் தள்ளிவிடுங்கள். முதல் பிரேக்கில் மொத்தமும் சரிந்து முன்கண்ணாடியை மூடும். சப்பாத்தைத் தட்டி உதறிவிட்டு ஏறுங்கள், பனி ஒட்டிய அடிப்பாகம் மிதியில் வழுக்கும். உள்காற்றே சுழலும் பட்டனை நாம் வருஷம் முழுக்க அமுக்கி வைத்திருப்போம், அங்கே வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் ஆறு பேர் மூச்சில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். எல்இடி விளக்கு சூடாகாது, அதனால் அதன்மேல் பனி அப்பிக்கொள்ளும், நிற்கும்போதெல்லாம் துடையுங்கள்.

சாலையோரக் கம்பங்களில் கீழ்நோக்கிய சிவப்பு வெள்ளை அம்புக்குறிகள் தொங்கும். பனி மூடியபோது சாலையின் விளிம்பு அதுதான். காற்று பனியைக் கிளப்பிக் கண்ணே தெரியாமல் போனால், அபாய விளக்கைப் போட்டு வேகத்தை மெல்லக் குறையுங்கள். நடுச்சாலையில் நின்றுவிடாதீர்கள், பின்னால் வருபவருக்கு உங்களைத் தெரியாது. பக்கத்துக் கடையோ சாலையோர நிலையமோ வந்ததும் ஒதுங்கி, புயல் அடங்கும்வரை அங்கேயே இருங்கள்.

மலர் பிஜே:
ஒதுங்க இடமே இல்லாமல் சிக்கிக்கொண்டால்? ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்காரலாம்தானே?

சப்போரோ ரிட்டர்ன்:
அதுதான் ஆபத்து தங்கச்சி. 2013 மார்ச்சில் அடித்த புயலில் ஹொக்கைடோவில் ஒன்பது பேர் இறந்தார்கள். நக்காஷிபெட்சு என்ற ஊரில் பனியில் புதைந்த காடிக்குள் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் போனது குளிரால் அல்ல, கார்பன் மோனாக்சைடு வாயுவால். புகைக்குழாயைப் பனி மூடினால் புகை காடிக்கு அடியில் தேங்கி உள்ளே ஏறும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். முடிந்தவரை எஞ்சினை அணைத்துப் போர்வையில் இருங்கள். எஞ்சின் போட்டே ஆக வேண்டும் என்றால், குழாயைச் சுற்றி மண்வெட்டியால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் மட்டும் போதாது. காடியை விட்டு நடக்கவும் கூடாது, பத்தடியில் வழி தவறிவிடும்.

பின்பெட்டியில் சின்ன மண்வெட்டி, ஆளுக்கொரு போர்வை, தண்ணீர், பிஸ்கட், பவர்பேங்க், டார்ச். ஃபிளாஸ்க்கில் சுடச்சுட மைலோ. அப்பா அம்மாவின் மாத்திரையை மட்டும் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். டாங்கியில் எண்ணெய் பாதிக்குக் கீழே இறங்க விட வேண்டாம். விபத்து என்றால் போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119. சின்ன உரசலாக இருந்தாலும் போலீசைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் காப்புறுதி கிடைக்காது. நம் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே தரும் அனைத்துலக லைசன்ஸ் புத்தகத்தையும் நம் ஊர் லைசன்சையும் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள்.

செந்தூல்காரன்:
மிக்க நன்றி அண்ணே. போர்வைக்கும் மண்வெட்டிக்கும் சப்போரோவில் கடை பார்த்து வைக்கிறேன். கடைசியாக ஒன்று, ராத்திரி வெளியே நிறுத்தும்போது?

பட்டர்வொர்த் மெக்கானிக்:
வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்துங்கள், கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாது. சமதளமாகப் பார்த்து பி கியரில் விடுங்கள், ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், உறைந்து பிடித்துக்கொள்ளும். புதுக் காடிகளில் அது தானாகவே போட்டுக்கொள்ளும், அதை எப்படி நிறுத்துவது என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.