சூப்பர்சார்ஜர், டர்போ: ‘துருத்தி’ என்றால் என்ன குறை?

நண்பர்களுக்கு வணக்கம்.

கார் எஞ்சினின் திறனைக் கூட்ட எதைப் பொருத்தலாம் என்ற கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் கேட்டிருந்தீர்கள். பட்டியலில், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கிச் செலுத்தும் சூப்பர்சார்ஜருக்கு ‘மீமின்னேற்றி’ என்று இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அங்கே மின்சாரத்துக்கு என்ன வேலை? ‘சார்ஜ்’ என்பது ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டருக்குள் நிரம்பும் காற்றும் எரிபொருளும். மீமின்னேற்றியை மின்சாரக் கார்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்த ‘காற்றுத்திணிப்பி’ பொருளளவில் சரிதான். ஆனால் திணிப்பு என்றாலே நமக்கு வேறு நினைவுகள் வந்துவிடுகின்றன!

நான் முன்வைப்பது ‘துருத்தி’. கொல்லன் உலையில் காற்றை ஊதித் தீயை வளர்ப்பது. சங்கப் பாடல்களிலேயே உள்ள சொல். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிப்பது எளிது, அதற்கு ஈடான காற்றை உள்ளே செலுத்துவதுதான் பாடு. துருத்தியின் வேலையும் அதுதானே? தோல்பையை எஞ்சினில் மாட்டுவதா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி, இரும்பு உருக்கும் ஊதுலை போன்றவற்றுக்காக உருவானது. பிற்காலத்தில் அதே அமைப்புத்தான் சூப்பர்சார்ஜராகக் காரில் ஏறியது. கருவி உலையிலிருந்து வரலாம், பெயர் மட்டும் வரக் கூடாதா?

எஞ்சினின் சுழல்தண்டு பட்டை (பெல்ட்) மூலம் சுழற்றும் சூப்பர்சார்ஜர் ‘பட்டைத்துருத்தி’. வெளியேறும் புகையின் விசையில் சுழலும் டர்போ ‘புகைத்துருத்தி’. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றது இதற்குத்தான். எதனால் சுழல்கிறது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம், ஏனெனில் வாங்குபவர் தேர்ந்தெடுப்பதும் அதை வைத்துத்தான். பட்டைத்துருத்தி ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் வேலை செய்யும், ஆனால் எஞ்சின் தரும் திறனில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். புகைத்துருத்தி வீணாகப் போகும் ஆற்றலில் பிழைக்கிறது. அதற்கு விலை, புகை வலுக்கும்வரை காத்திருப்பது. ‘டர்போ லேக்’ எனும் அந்தத் தாமதத்துக்குச் ‘சுணக்கம்’ இருக்கப் புதுச்சொல் எதற்கு?

புகைத்துருத்தி என்றால் புகையை ஊதுவது என்று ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். காற்றாலை காற்றையா அரைக்கிறது?

இன்டர்கூலருக்கு ‘இடைக்குளிர்ப்பி’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு அமுக்கிகளுக்கு (கம்ப்ரஸர்) இடையே குளிர்வித்த அமைப்பின் பெயர் அது. பெரும்பாலான கார்களில் இருப்பது ஒரே துருத்தி. அமுக்கும்போது சூடேறும் காற்றை, எஞ்சினுக்குள் போகுமுன் ஆற்றி அடர்த்தியாக்குகிறார்கள். ‘காற்றுக்குளிர்ப்பி’ என்றால் வீட்டு ஏர்கூலரோடு குழம்பும். ‘துருத்திக்குளிர்ப்பி’ போதும். துருத்தி கூட்டித் தரும் காற்றழுத்தமான பூஸ்டுக்கு ‘ஊதழுத்தம்’.

எனக்குப் பிடிபடாதது ‘ரீமேப்’ ஒன்றுதான். எந்த வேகத்தில், எந்தச் சுமையில், எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்று எஞ்சின் கணினியில் இருக்கும் அட்டவணைகளை மாற்றி எழுதுவது. ‘மறுவரைபடம்’ என்றால் படிப்பவர் நிலப்படத்தைத் தேடுவார். ‘அளவுத்திருத்தம்’ காலிபரேஷனுக்குப் போய்விட்டது. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?