அடுக்ககத் தரைத்தளத்தில் மின் வாகனச் சார்ஜிங் வசதி: எங்கே, எவ்வளவு உயரத்தில் அமைப்பது?

சங்கச் செயலாளர், வேளச்சேரி

வணக்கம். வேளச்சேரியில் 24 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். நான் பொறுப்பேற்றபோது இங்கே ஒரே ஒரு மின் ஸ்கூட்டர்தான் இருந்தது. இப்போது ஏழு ஸ்கூட்டர்களும் மூன்று கார்களும் நிற்கின்றன. சங்கம் எந்த வசதியும் செய்து தராததால் அவரவர் தமக்குத் தெரிந்த வழியில் சமாளிக்கிறார்கள். இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் பால்கனியிலிருந்து மழைநீர்க் குழாயை ஒட்டி ஒயரைக் கீழே இறக்கி, நடுவில் போட்ட இணைப்பின் மீது கறுப்பு டேப்பைச் சுற்றியிருக்கிறார். சென்ற வாரம் பெய்த மழையில் அந்த டேப்பின் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு நிம்மதி இல்லை.

அருகிலுள்ள வணிக வளாகத்தில் வேகச் சார்ஜர் இருக்கிறது. நான் மூன்று முறை போனதில் இரண்டு முறை அந்த இடத்தில் பெட்ரோல் கார் நின்றுகொண்டிருந்தது. எனவே எங்கள் தரைத்தளத்திலேயே ஏற்பாடு செய்ய விரும்புகிறோம். வாயிலருகே எல்லோருக்கும் பொதுவாக ஒரு வேகச் சார்ஜர் வைப்பது நல்லதா, அல்லது அவரவர் இடத்தில் தனித்தனிப் பாயின்ட் வைப்பது நல்லதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தூண்களில் அந்தக் கறை இன்னும் தெரிகிறது. அதனால் உயரம் பற்றியும் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மின் பொறியாளர், குரோம்பேட்டை

அம்மா, முதலில் அந்த ஒயரை இன்றே கழற்றச் சொல்லுங்கள்.

வேகச் சார்ஜர் உங்களுக்குத் தேவைப்படாது என்பது என் கருத்து. நகருக்குள் ஓடும் கார் ஒரு நாளில் 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் என்ற கணக்கில் 6 யூனிட் செலவாகும், 3.3 கிலோவாட் சார்ஜரில் அது இரண்டு மணி நேர வேலை. ஸ்கூட்டரின் முழு பேட்டரியே பெரும்பாலும் 3 யூனிட் அளவுதான் என்பதால், முறையாகப் பொருத்திய சாதாரண பிளக் போதும். இரவு பத்து மணிக்கு வந்து நின்று காலை ஆறு மணிக்குப் புறப்படும் வண்டிக்கு அவசரம் ஏதுமில்லை. ஆனால் பிற்காலத்தில் 24 வீட்டாரும் ஒரே நேரத்தில் 3.3 கிலோவாட் இழுத்தால் மொத்தம் 79 கிலோவாட்டைத் தாண்டிவிடும். ஆகவே சுமையைத் தானாகவே பகிர்ந்து கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவியுடன் தொடங்குங்கள்; பிறகு சேர்ப்பது இரட்டைச் செலவு.

இணைப்பை வீட்டு மீட்டரிலிருந்தே எடுக்கலாம். ஆனால் நாளுக்கு 6 யூனிட் என்றால் இரண்டு மாதக் கணக்கில் 360 யூனிட் கூடும். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு அடுக்குக் கட்டணம் ஏறிவிடும். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மின் வாகனத்துக்கெனத் தனி இணைப்புக் கேட்கலாம். இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உயரம்தான் உங்கள் பகுதிக்கு முக்கியம். கறைக்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி விட்டுச் சார்ஜரைப் பொருத்துங்கள். மீட்டர் பலகை தாழ்வாக இருந்தால், சார்ஜரை மட்டும் உயர்த்திப் பயனில்லை. சார்ஜிங் லைன்கள் அனைத்துக்குமான பிரதான சுவிட்சை முதல் மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் வையுங்கள். தண்ணீரில் கால் வைக்காமலே மின்சாரத்தை நிறுத்த முடிய வேண்டும். ஒவ்வொரு பாயின்டுக்கும், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் நல்ல எர்த்தும் கட்டாயம். இன்னொன்று: பேட்டரிக்குத் தூசியும் நீரும் புகாத ஐபி 67 தரம் இருக்கிறது என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்தச் சோதனை ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்துக்கு மட்டுமே. இரவு முழுவதும் சேற்று நீரில் நின்ற வண்டியைச் சரிபார்க்காமல் சார்ஜில் போடவே கூடாது.

விநியோகப் பணியாளர், திருவல்லிக்கேணி

சொந்த நிறுத்துமிடம் உள்ளவர்களுக்கு ஐயா சொன்னது முழுவதும் பொருந்தும். நான் மூன்றாம் மாடி ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வண்டி தெருவில் நிற்கிறது. கீழே ஒரு பிளக் வைத்துக்கொள்ள வீட்டு உரிமையாளரிடம் இரண்டு முறை கேட்டேன். வயர் எரிந்தால் யார் பொறுப்பு என்கிறார், அவர் பயத்தையும் குறை சொல்ல முடியவில்லை. உணவு விநியோகத்தில் நாளுக்கு 110 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பிற்பகல் மூன்று மணிக்கே பேட்டரி கடைசிக் கோட்டுக்கு வந்துவிடும். மதிய ஆர்டர் ஓய்ந்து மாலை ஆர்டர் தொடங்குவதற்குள் இருக்கும் இரண்டு மணி நேரத்தில், நாங்கள் காத்து நிற்கும் உணவகத் தெருக்களிலேயே சாதாரண பிளக் கிடைத்தால் போதும். வேகச் சார்ஜர்களின் ‘கன்’ எனப்படும் இணைப்பு முனை பெரும்பாலும் கார்களுக்கானது. எங்கள் வண்டியில் பொருந்துவதில்லை.

நகரமைப்பு மாணவி, கிண்டி

மேலே உள்ள நண்பர் சொல்வதைத் திட்டமிடுவோர் கேட்க வேண்டும். ஒன்றிய மின் அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதல் நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையம் என்றது. 2024 செப்டம்பர் வழிகாட்டுதல் அதையே 2030க்குள் 1 கிலோமீட்டர் கட்டமாகச் சுருக்கியது. கட்டம் வரைபடத்தில் நிரம்பிவிடலாம். கட்டத்துக்குள் எந்தத் தெருவில் என்பதுதான் கேள்வி. வண்டி ஏற்கெனவே நெடுநேரம் நிற்கும் இடத்துக்கு மின்சாரம் வர வேண்டும். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டபோது, சார்ஜர்கள் அந்தப் பணிமனைக்குள்ளேயே அமைந்திருந்தன. ரயில் நிலைய வாகன நிறுத்தங்களுக்கும் சந்தைத் தெருக்களுக்கும் இதே அணுகுமுறை வேண்டும்.

சங்கச் செயலாளர், வேளச்சேரி

அனைவருக்கும் நன்றி. ஒயரை நேற்றே அகற்றிவிட்டோம். அவருக்குத் தற்காலிகமாக மோட்டார் அறைப் பிளக்கைக் கொடுத்திருக்கிறோம். அளந்து பார்த்ததில் தூண் கறை தரையிலிருந்து 3 அடி 2 அங்குலம். சார்ஜர்களை ஐந்து அடியில் வைப்பதாகத் தீர்மானம் எழுதியிருக்கிறேன். திருவல்லிக்கேணி நண்பரின் பதிவைப் படித்த பிறகு, வாயிலுக்கு வெளியே தனி மீட்டருடன், விநியோகப் பணியாளர்களும் எங்கள் காவலாளியும் பயன்படுத்த ஒரு பாயின்டையும் அதில் சேர்த்தேன். பொதுக்குழு வரும் ஞாயிறன்று கூடுகிறது. ஐயா, வெளிச்சுவரில் வைக்கும் அந்த ஒன்றுக்கு மழை மறைப்பு மட்டும் போதுமா, பூட்டும் பெட்டியும் வேண்டுமா?