எழுத்துக் குறியீட்டுக் கணக்கு: விடை 6ஆ, 8ஆ?

செந்தூல் வாணி
மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் பயிற்சிக் கணக்கு இது. ஒரு கிடங்கில் 30 வகைப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. அது ஓர் ஆங்கில எழுத்தாக இருக்கலாம், அல்லது அகரவரிசைப்படி எழுதிய இரண்டு வெவ்வேறு எழுத்துகளாக இருக்கலாம். குறைந்தது எத்தனை எழுத்துகள் வேண்டும்? தெரிவுகள் 5, 6, 7, 8, 9.

ஆறு எழுத்துக்கே தனி 6, சோடி 6×5 = 30, மொத்தம் 36 வருகிறது. விடை 8 என்று போட்டிருக்கிறார்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் ஆட் மேத்ஸில் (கூடுதல் கணிதத்தில்) வரிசைமாற்றம், சேர்மானம் இரண்டும் படித்ததுதான். எதை எங்கே எடுப்பது என்பது பிடிபடவில்லை.

பட்டர்வொர்த் குமரன்
8தான் சரி, வாணி. 6×5 என்று பெருக்கினால் ‘ஏபி’, ‘பிஏ’ இரண்டும் கணக்கில் சேர்ந்துவிடும். அகரவரிசைப்படி என்று சொன்ன பிறகு ‘பிஏ’ என்ற குறியீடே கிடையாது. ஆகவே 30இல் பாதி, 15 சோடிதான். தனி 6 சேர்த்து 21. ஏழு எழுத்துக்குச் சோடி 21, தனி 7, ஆக 28, இன்னும் இரண்டு பொருள் மிச்சம். எட்டுக்குச் சோடி 28, தனி 8, ஆக 36. போதும்.

தெரிவுகளை நன்றாகப் பாருங்கள். மற்ற நான்கும் கேள்வியை ஒவ்வொரு விதமாகத் தவறாகப் படித்தால் வரும் விடைகள். ‘அகரவரிசை’யை மட்டும் விட்டால் 6. ‘வெவ்வேறு’ என்பதை மட்டும் விட்டால் ‘ஏஏ’, ‘பிபி’ எல்லாம் சேரும்: ஆறுக்கு 27, ஏழுக்கு 35, அதனால் 7. இரண்டையும் விட்டால் 5+25 = 30, கச்சிதமாக 5. தனியெழுத்தை மறந்தால் எட்டுக்கு 28 மட்டுமே, அதனால் 9. வந்த விடை தெரிவில் இருக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது.

பெருக்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்: குறியீட்டின் நீளம் என்ன, எழுத்து திரும்ப வரலாமா, இடம் மாற்றினால் வேறு குறியீடா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால் சேர்மானம். சமன்பாடு போட்டுத் தீர்க்க வேண்டாம். கணிதப் பகுதியில் 45 நிமிடத்துக்கு 21 கேள்விகள், கால்குலேட்டரும் கிடையாது. நடுத் தெரிவான 7ஐ வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் மேலே போங்கள்.

செந்தூல் வாணி
நன்றி அண்ணா, இப்போது தெளிவு. இன்னொன்று: ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்துகள், மூன்றெழுத்துக் குறியீடு, எழுத்து திரும்ப வரலாம், குறைந்தது ஓர் ஏ வேண்டும். எத்தனை குறியீடுகள்? ஏவுக்கு இடம் 3, மற்ற இரண்டு இடங்களுக்கு 5×5, ஆக 75. இதில் என்ன குறை?

ஜார்ஜ்டவுன் மல்லிகா
75இல் ஒரே குறியீடு பலமுறை எண்ணப்படுகிறது, தங்கச்சி. ஓர் ஏ மட்டும் உள்ளவை 3×4×4 = 48. இரண்டு ஏ உள்ளவை 3×4 = 12. ‘ஏஏஏ’ 1. சரியான மொத்தம் 61. உங்கள் முறையில் அந்த 12 இருமுறையும் ‘ஏஏஏ’ மும்முறையும் எண்ணப்படும்: 48+24+3 = 75.

‘குறைந்தது ஒன்று’ என்று பார்த்தவுடன் மொத்தத்திலிருந்து ‘ஒன்றுமே இல்லாதவை’யைக் கழியுங்கள். 125−64 = 61. ஒரே வரி.

பட்டர்வொர்த் குமரன்
எண்ணும் கலந்து வரும் கணக்குக்கு நம் பினாங்கு வண்டி எண் தகடு நல்ல பயிற்சி. முதலில் பினாங்கைக் குறிக்கும் ‘பி’ (P), பிறகு இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு 1 முதல் 9999 வரை ஓர் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தகடுகள் வரும்? 1, 0 உடன் குழம்பும் என்பதால் ஐ, ஓ இல்லை. இசட் ராணுவ வண்டிகளுக்கு. மிச்சம் 23 எழுத்துகள்.

23×23×9999 = 5,289,471.

இங்கே எழுத்து திரும்ப வரலாம், அதனால் 23×22 தவறு. எண்ணுக்கு 10,000 போடுவதும் தவறு, 0 கிடையாதே. கேள்வியில் ‘நான்கு இலக்க எண்’ என்று இருந்தால் 1000இலிருந்துதான் தொடங்கும், 9000 போடுங்கள். ‘நான்கு இலக்கங்கள்’ என்று மட்டும் சொல்லி, முன்னால் பூஜ்யம் வரலாம் என்றால் 10,000.