பழைய டீவி கேம், கெசட் போட்டா சாம்பல் ஸ்கிரீன் மட்டும்தான் வருது. ஊதியும் சரிவரல, யாராவது உதவுங்க

மஸ்கெலியாக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பரண்ல கிடந்த பழைய டீவி கேம இறக்கிருக்கேன், 60 முள்ளு (பின்) இருக்க கேம் கெசட் போடுற சைனா பெட்டி, நம்ம காலத்துல தேயில தோட்டம் முழுக்க ஓடுனதுதான். மஞ்ச வெள்ள வயர்ல டீவிக்கு குடுத்தா லைட் எரியுது, ஸ்கிரீன் சாம்பலா நிக்குது, கேம் வரல. கழட்டி ஊதி போட்டேன், திரும்ப ஊதி போட்டேன், ஒரு தடவ கோடு கோடா வந்து போயிருச்சு. யூடியூப்ல ஒரு வெள்ளக்காரன் உள்ள இருக்க கனெக்டரயே மாத்த சொல்றான், அது இங்க எங்க கிடைக்கும்? மகன் பக்கத்துல நின்னுகிட்டு "ஊதுனா சரியாகும்னு உங்களுக்கு யாருப்பா சொன்னது"னு கேக்குறான், அதுக்கும் பதில் தெரியல. ரெண்டுக்கும் யாராவது பதில் சொல்லுங்க.

சாலிடர்_தம்பி:
அண்ணே ஊதுறத மொதல்ல நிப்பாட்டுங்க. வாய் ஈரம் போய் முள்ளுல பட்டு களிம்பு பிடிக்கும், அதோட நம்ம பக்கம் பனியும் மழையும் சும்மாவே இரும்ப தின்னுரும். இந்த மாதிரி பெட்டிய மொதல்ல செஞ்ச ஜப்பான் கம்பனி நிண்டெண்டோவே கெசட்ட ஊதாதீங்கன்னுதான் சொல்லுச்சு. ஊதுனா வேல செஞ்சதுக்கு காரணம் காத்து இல்லண்ணே, கழட்டி திரும்ப சொருகும்போது முள்ளு உரசி வேற எடத்துல போய் ஒக்காருது, அதான்.
அந்த வெள்ளக்காரன் காட்டுறது 1985ல அமெரிக்காவுல வந்த பெட்டி. அதுல 72 முள்ளு, கெசட்ட முன்னாடி தள்ளி கீழ அமுக்கணும், உள்ள கெசட் அசலான்னு பாக்குற ஒரு லொக் சிப் இருக்கு. கொண்டாக்ட் சரியில்லன்னா அந்த சிப் பெட்டிய திரும்ப திரும்ப ரீசெட் பண்ணும், லைட் விட்டு விட்டு மினுங்கும். உங்களது 1983ல ஜப்பான்ல வந்த நிண்டெண்டோவோட ஃபெமிகொம் பெட்டிய பாத்து செஞ்சது, அதுல அந்த சிப் கிடையாது, அதனாலதான் மினுங்காம சாம்பலா நிக்குது. கனெக்டர் மாத்த வேணாம்.
செய்ய வேண்டியது: கெசட் முள்ள வெள்ள அழிரப்பரால மெதுவா தேய்ங்க, தூள தட்டிட்டு, கொட்டன் பட்ஸ்ல ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்டு துடைங்க, நல்லா காயட்டும். சேண்ட் பேப்பர் கிட்ட கூட கொண்டு போகாதீங்க, மேல இருக்க பூச்சு போயிரும். பெட்டியில கெசட் சொருகுற ஸ்லொட்டுக்கு, ஒரு மெல்லிய அட்டையில துணிய சுத்தி அதுலயும் தொட்டு, கரண்ட் இல்லாம ஏத்தி இறக்குங்க.
அடப்டர் பழசா? வேற மாத்துறதா இருந்தா நடு முள்ளு பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு பாத்துட்டு குத்துங்க, பெட்டிக்கு பெட்டி மாறும்.

புறக்கோட்ட_பழசு:
மகன் கேட்ட கேள்விக்கு நான் வாரேன். எங்க தோட்டத்து லயத்துக்கு (லைன் வீடு) இதெல்லாம் வந்தது தீவாளிக்குதான். கொழும்புல கடையில நின்ன பெடியன்மாரு தீவாளிக்கு ஊருக்கு வரும்போது உடுப்பு, வெடி, இனிப்போட கெசட்டும் கொண்டாருவானுங்க, அதோட வாயில ஏதாவது ஒரு புது வித்தையும் வரும். அவன் திரும்ப ரயில் ஏறுறதுக்குள்ள அத புடுங்கிரணும், இல்லன்னா அடுத்த பொங்கல் வரைக்கும் காத்திருக்கணும் 😂 அதுக்காகவே அவனுக்கு வடையும் டீயும் குடுத்து கவனிச்ச ஆளுங்க இருக்கானுங்க.
கரண்ட் இல்லாத லயத்துல கார் பெட்டரியில டீவி போட்ட காலம் இருக்கே, அதே 12 வோல்ட் பெட்டரியில இருந்து வயர் இழுத்து கேமுக்கும் குடுப்போம். பெட்டி தொட முடியாத அளவுக்கு சூடாகும், ஈர துணிய மேல போட்டு ஆட்டம் போகும். ஏன் சூடாகுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.

சாலிடர்_தம்பி:
ஐயோ அண்ணே ஈர துணியா 🤦 உள்ள 7805னு மூணு கால் ரெகுலேட்டர் ஒன்னு இருக்கும், வார வோல்ட்ட 5க்கு இறக்கும், மிச்சம் அவ்வளவும் சூடாதான் போகும். 9 வோல்ட்டுக்கு செஞ்சதுல 12 குடுத்தா சுடாம என்ன செய்யும்.

கொப்பிக்காரி:
பொண்ணுங்கள ரிமோட்டுல கை வைக்க விட மாட்டானுங்க, ஆனா கொன்ட்ராங்கிற சுடுற கேமுல உயிர் கூட எடுக்க அமுக்குற பட்டன் கோட என் கணக்கு கொப்பி கடைசி பக்கத்துலதான் எழுதி வச்சிருந்தானுங்க, ஏன்னா எங்க அண்ணனோட எழுத்த அவனாலயே வாசிக்க முடியாது. மேல மேல கீழ கீழ, இடது வலது இடது வலது, பி, ஏ. மூணு உயிருக்கு பதிலா 30 உயிர். பொகவந்தலாவ மாமா பிள்ளைகள் வந்தப்ப இடது இடது வலது வலதுன்னு சத்தியம் பண்ணுனாங்க, பெரிய சண்ட, கடைசியில போட்டு பாத்தோம், அவங்களது வேல செய்யல. எங்கயோ ஒரு வாயில மாறிருக்கு.
பெரிய ஆளானப்புறம்தான் தெரியும், கசுஹிசா ஹஷிமோட்டோன்னு ஒரு ஜப்பான்காரர், 1986ல கிராடியஸ்ங்கிற கேம சோதிச்சு பாக்க அவருக்கே கஷ்டமா இருந்ததால போட்டு வச்ச கோடாம் அது. 2020ல இறந்துட்டாரு.
எனக்கு தோணுறத சொல்றேன். ஊதுறத யாரும் யாருக்கும் சொல்லி குடுத்திருக்க தேவையில்ல. டோர்ச் எரியலன்னா பெட்டரிய கழட்டி ஊதி துடைச்சு போடுற கைதானே, கெசட்டயும் அதேதான் செய்யும். ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் புள்ளைங்க ஊதுச்சுங்க, அவங்க வந்தா நமக்கு சொன்னாங்க? ஆனா அந்த பத்து பட்டன ஒருத்தன் தானா கண்டுபிடிக்கவே ஏலாது, அது ஆள் மாறி ஆள் மாறிதான் மலை ஏறிருக்கணும். உங்க மகனுக்கு இந்த ரெண்டையும் பிரிச்சு சொல்லுங்க அண்ணா.

பனிமூட்டம்:
அக்கா சொல்றது சரி. எங்க பக்கம் இன்னொன்னு, கெசட்டுக்கு பின்னாடி தீப்பெட்டி அட்டைய மடிச்சு சொருகுறது. ஸ்லொட்டோட கம்பி தளந்திருந்தா அது கெசட்ட முன்னாடி தள்ளி பிடிக்கும். தலவாக்கலையில படிச்சப்ப பாத்தேன், பண்டாரவளைக்கு மாறி போனா அங்கயும் அதே அட்ட!
பொய்யும் நிறைய வந்துச்சு. மரியோல கொடி மரத்துக்கு மேலால பாய்ஞ்சு போகலாம்னு ஒருத்தன் சொன்னப்ப அவன நாங்க பொய்யன்னு பேரே வச்சிட்டோம், பாத்தா 3-3ங்கிற ஸ்டேஜ்ல நெசமாவே பாயலாமாம். பாவம் அவன்.

மஸ்கெலியாக்காரன்:
வந்துருச்சு!! அழிரப்பர் கறுப்பாயிருச்சு, பட்ஸ்ல பச்ச பச்சயா களிம்பு. இருந்தும் மொத தடவ வரல, பனிமூட்டம் சொன்ன தீப்பெட்டி அட்டைய சொருகுன ஒடனே மெனு வந்துருச்சு, 9999999 கேம்னு போட்டு அதே நாலஞ்சு கேம திரும்ப திரும்ப காட்டுற அதே ஏமாத்து 😂 மகன் 30 உயிரோட கொன்ட்ரா விளையாடுறான். ஒரே ஒரு பிரச்சன, கலர் வரல, கறுப்பு வெள்ளையா இருக்கு. அப்புறம் வாத்து சுடுற துவக்கு ஒன்னும் செய்யல, அதயும் துடைக்கணுமா?

சாலிடர்_தம்பி:
கலருக்கு டீவி மெனுவுல கலர் சிஸ்டம்னு இருந்தா ஓட்டோவுல விடாம PAL, NTSCனு இருக்க ரெண்டு கலர் முறையையும் மாத்தி பாருங்க. துவக்க துடைச்சு பிரயோசனம் இல்லண்ணே. சுடும்போது ஸ்கிரீன் ஒரு கணம் கறுப்பாகி வாத்து இருக்க எடம் மட்டும் வெள்ள கட்டமாகும், அந்த வெளிச்சத்த துவக்கு அந்த நேரத்துக்கே பாக்கணும். எல்இடி டீவி படத்த கொஞ்சம் பிந்திதான் காட்டும், அதோட அந்த வெளிச்சமும் வேற மாதிரி. பழைய பெட்டி டீவிதான் வேணும்.

புறக்கோட்ட_பழசு:
பெட்டி டீவி எங்கிட்ட ஒன்னு இருக்கு, ஹட்டன்ல. தூக்கிட்டு போக ரெண்டு பேர கூட்டிட்டு வாங்க, சரியான பாரம்.