20 நிமிடம் ஓட்டினால் டிபிஎஃப் சுத்தமாகிவிடுமா?

குரோம்பேட்டை வாசி | இரவு 8.40

டீசல் கார் வாங்கலாமா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு ‘நாமக்கல் நெடுஞ்சாலை’ எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: “பிஎஸ்-6 (புகை மாசுக்கான புதிய அரசு விதி) டீசல் கார் கெடுவதில்லை. ஓட்டத் தெரியாதவன்தான் கெடுக்கிறான். டிபிஎஃப் (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைத்து விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலையில் 20 நிமிடம் ஓட்டு, சுத்தமாகிவிடும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் இல்லை ஐயா. நான் 2021இல் வாங்கிய டீசல் எஸ்யுவி 33,000 கி.மீ. ஓடியிருக்கிறது. குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு அலுவலகம், சுமார் பத்து கிலோமீட்டர். விளக்கு மூன்று முறை எரிந்தது. முதல் இரண்டு முறை வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஓட்டினேன், அணைந்தது. மூன்றாவது முறை மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டரும் ஓட்டித் திரும்பி வந்தேன். அணையவில்லை. அதோடு இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து, வண்டி இழுக்கும் சக்தியே போய்விட்டது. ஆயில் அளக்கும் கம்பியை எடுத்துப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறது. நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. சர்வீஸ் மையத்தில், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு கரி பிடித்து இறுகிவிட்டது என்றார்கள். என் மாதச் சம்பளத்தில் பாதி அங்கே போனது. இதில் எனக்கு எது ஓட்டத் தெரியவில்லை என்று அவர் சொல்லட்டும்.

நாமக்கல் நெடுஞ்சாலை | இரவு 9.05

என்னை இழுத்ததால் பதில் சொல்கிறேன். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். என் வண்டியும் பிஎஸ்-6தான், 2020 டிசம்பரில் எடுத்தது. 1,40,000 கி.மீ. ஓடிவிட்டது. வாரம் ஒருமுறை சென்னை, மாதம் ஒருமுறை பெங்களூரு. விளக்கு இரண்டே முறை எரிந்தது. இரண்டு முறையும் 20 நிமிடம் ஓட்டினேன், அணைந்தது. குதிரையை வாங்கிக் கொல்லையில் கட்டிப்போட்டுவிட்டுக் கால் வீங்கிவிட்டது என்று விற்றவனைத் திட்டினால் யார் என்ன செய்வது? பத்து கிலோமீட்டர் போவதற்கு எதற்கு டீசல்? கிண்டிக்கு ரயில் இருக்கிறது.

குரோம்பேட்டை வாசி | இரவு 9.22

ரயில் இருப்பது எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வாரம் இரண்டு முறை மருத்துவமனை. தாழ்வான காரில் அவரால் உட்கார்ந்து எழ முடியாது. அதனால்தான் உயரமான வண்டி பார்த்தேன். ஷோரூமில் தினசரி எவ்வளவு ஓட்டம் என்று கேட்டார்கள், மறைக்காமல் சொன்னேன். டிபிஎஃப் என்ற சொல்லையே அங்கே யாரும் உச்சரிக்கவில்லை.

இப்போது உங்கள் 20 நிமிடத்துக்கு வருவோம். எங்கிருந்து எண்ணுகிறீர்கள்? சாவியைத் திருப்பியதிலிருந்தா, இன்ஜின் சூடேறிய பிறகா? வடிகட்டிக்குள் கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். நகர நெரிசலில் ஓடும் டீசல் இன்ஜினின் புகை அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. அதனால் வண்டியின் கம்ப்யூட்டர், பிஸ்டன் இறங்கும் நேரத்தில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. அது புகைக்குழாய்க்குப் போய் எரிந்து வடிகட்டியைச் சூடாக்க வேண்டும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கிறது. வேலை பாதியில் நின்று மறுபடி மறுபடி தொடங்கினால் கலப்பும் கூடுகிறது. என் ஆயில் மட்டம் ஏறியது இப்படித்தான். இஜிஆரிலோ சென்சாரிலோ பழுது பதிவாகிவிட்டால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் இந்தச் சுத்திகரிப்பைத் தொடங்கவே தொடங்காது. 20 நிமிடம் ஓட்டினாலும் கன்னியாகுமரி வரை ஓட்டினாலும் ஒன்றுதான்.

போரூர் பட்டறை | இரவு 9.41

28 ஆண்டுகளாகத் தொழிலில் இருக்கிறேன். கரியைப் பற்றியே பேசுகிறீர்கள், சாம்பலை ஒருவரும் சொல்லவில்லை. கரி எரியும். சாம்பல் எரியாது. ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் எரிந்து மிஞ்சுவது சாம்பல். அது வடிகட்டியின் கண்ணறைகளில் தங்கிவிடும். 20 நிமிடம் அல்ல, 20 நாள் ஓட்டினாலும் போகாது. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். அதனால்தான் டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றச் சொல்கிறார்கள். 1,40,000 ஓட்டிய நாமக்கல்காரர் என்ன ஆயில் ஊற்றுகிறார் என்று தெரிந்துகொள்ளலாமா?

நாமக்கல் நெடுஞ்சாலை | இரவு 9.50

நல்ல ஆயில்தான். எங்களிடம் ஆறு லாரிகள் இருக்கின்றன. ஆயிலைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம்.

போரூர் பட்டறை | இரவு 9.53

லாரிக்கு வாங்கும் பீப்பாய் ஆயிலா? பீப்பாயைப் படம் எடுத்துப் போடுங்கள்.

நாமக்கல் நெடுஞ்சாலை | இரவு 9.58

இந்தப் பட்டறைக்காரர்தான் சென்ற ஆண்டு டயர் விவாதத்தில், நைட்ரஜன் அடைப்பவர்கள் எல்லாரும் ஏமாளிகள் என்று எழுதினார். அதற்கு நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. முதலில் அதைச் சொல்லட்டும். என் பேச்சு ஒன்றுதான்: 20 நிமிடம், நான்காம் கியர், 2,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) மேல். கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது.

இலக்கணன் | இரவு 10.06

கரி என்று எழுதுவதே பிழை. விறகு எரிந்து மிஞ்சுவது அடுப்புக்கரி. கூரையிலும் விளக்குக் கண்ணாடியிலும் படிவது புகைக்கரி. இங்கே நீங்கள் பேசுவது புகைக்கரியை. ‘டிபிஎஃப்’ என்று எழுதாமல் ‘புகைக்கரி வடிகட்டி’ என்றால் என்ன குறைந்துவிடும்?

போரூர் பட்டறை | இரவு 10.10

வாரண்டிக்கு அனுப்பும் தாளில் அப்படி எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டிக்காரருடைய பணம் போகும்.

இலக்கணன் | இரவு 10.13

தமிழ்நாட்டில் தமிழில் எழுதிய தாளைத் திருப்பி அனுப்புவார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது.

கோத்தகிரி மலைப்பாதை | இரவு 10.20

எங்கள் ஊரில் இந்த 20 நிமிடத்தை எங்கே தேடுவது? மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது கியரில் விட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமல்தான் வருகிறோம். அப்போது இன்ஜினுக்கு டீசலே போவதில்லை, புகைக்குழாயில் வருவது வெறும் காற்று. இருந்த சூடும் போய்விடும். ஏறும்போது நன்றாகச் சூடேறுகிறது என்பது உண்மை. ஆனால் விளக்கு எப்போதும் இறக்கத்தில்தான் எரிகிறது.

நாமக்கல் நெடுஞ்சாலை | இரவு 10.24

மேட்டுப்பாளையம் இறங்கிய பிறகு கோவைச் சாலையில் 20 நிமிடம் ஓட்டுங்கள்.

கோத்தகிரி மலைப்பாதை | இரவு 10.27

எனக்கு வேலை மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில். கோவையில் இல்லை.

ஈரோடு வேகம் | இரவு 10.31

எதற்கு இத்தனை சண்டை? வடிகட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் அதற்கேற்ப மாற்றி எழுதினால் விளக்கும் எரியாது, மைலேஜும் கூடும். என் நண்பர்கள் நால்வர் செய்துவிட்டார்கள்.

கோவைக்காரி | இரவு 10.44

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இதைப் பார்த்த பிறகு முடியவில்லை. என் மகனுக்கு ஆறு வயது, வீசிங் இருக்கிறது. பள்ளி வாசலில் கரும்புகை விட்டுக்கொண்டு ஒரு வண்டி நின்றால் அன்றிரவு நாங்கள் தூங்க முடியாது. பிஎஸ்-4 காலத்தில் டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வரை வெளியிடலாம். பிஎஸ்-6இல் 4.5. நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80. இந்த வடிகட்டியால்தான் அந்தத் துகள் கணக்கு சாத்தியமாகிறது. அதைப் பிடுங்குவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படியும் குற்றம். 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்தது வெளியானபோது எல்லாரும் கொதித்தோமே. உங்கள் நண்பர்கள் நால்வரும் செய்தது வேறென்ன?

ஈரோடு வேகம் | இரவு 10.47

அக்கா, என் ஒருவனுடைய வண்டியாலா ஊர்க் காற்று கெட்டுவிடப் போகிறது? லாரிகளைப் போய்க் கேளுங்கள்.

நாமக்கல் நெடுஞ்சாலை | இரவு 10.49

லாரியை இழுக்க வேண்டாம். எங்கள் புதிய லாரிகள் எல்லாம் பிஎஸ்-6. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா கரைசல் ஊற்றித்தான் ஓட்டுகிறோம். மாதம் எவ்வளவு செலவு என்று இந்தத் தம்பிக்குத் தெரியுமா?

போரூர் பட்டறை | இரவு 10.55

யூரியா கரைசலைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 32.5 சதவீத யூரியா, மீதி தாது நீக்கிய நீர். 25 டிகிரிக்குள் வைத்தால் ஒன்றரை ஆண்டு இருக்கும். 35 டிகிரியில் ஆறு மாதம்தான். நம் ஊர் நெடுஞ்சாலைக் கடைகளில் சித்திரை வெயிலில் கேன்களை வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை வாங்கி ஊற்றிவிட்டு நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் போய்விட்டது, இன்ஜெக்டரில் வெள்ளையாகப் படிந்துவிட்டது என்று என்னிடம் வருகிறார்கள். நாமக்கல்காரர் கேனை எங்கே வைக்கிறார் என்று கேட்க மாட்டேன். ஆயில் கேள்விக்கே இன்னும் பதில் வரவில்லை.

குரோம்பேட்டை வாசி | இரவு 11.10

பேச்சு யூரியாவுக்கும் இலக்கணத்துக்கும் போய்விட்டது. நான் விடப் போவதில்லை. கோவைச் சகோதரி சொன்னது முழுவதும் சரி. வடிகட்டி வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. வேண்டும். நான் ஓட்டும் ஓட்டத்திலும் வேலை செய்யும் வடிகட்டி வேண்டும். சென்னையில் விற்கும் வண்டி சென்னை நெரிசலில் ஓடத்தானே வேண்டும்? அதற்கு ஆகாது என்றால் விற்கும்போதே சொல்ல வேண்டாமா? மாருதி 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததோடு டீசல் காரையே நிறுத்திவிட்டது. நாட்டிலேயே அதிகக் கார் விற்கும் நிறுவனம் கணக்குப் போட்டுப் பார்த்து ஒதுங்கிய இடத்தில், ஓட்டத் தெரியவில்லை என்று என்னைச் சொல்கிறார்.

நெடுஞ்சாலைதான் மருந்து என்பவருக்கு இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகளின் டிபிஎஃப் குறித்து டொயோட்டா மீது உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2,64,000க்கும் மேற்பட்ட வண்டிகள். 2022இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? மணிக்கு சுமார் 100 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து ஓட்டும்போது சரியாக இயங்கும்படி அந்த அமைப்பு வடிவமைக்கப்படவில்லை என்றது. வெள்ளைப் புகையும் நாற்றமும் கக்கிய வண்டிகள் அவை. நெடுஞ்சாலையில் ஓட்டியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கும் ஓட்டத் தெரியாதா? அவர்களிடமும் போய் 20 நிமிடம் என்று சொல்வாரா?

நாமக்கல் நெடுஞ்சாலை | இரவு 11.19

ஆஸ்திரேலிய வழக்கு ஆஸ்திரேலியாவோடு. அங்கே இருக்கும் வண்டி வேறு, சாலை வேறு. நான் என் வண்டியைச் சொல்கிறேன். 1,40,000 கி.மீ. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 20 நிமிடம். அணைந்தது.

குரோம்பேட்டை வாசி | இரவு 11.24

நானும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். 62 கிலோமீட்டர் போய், 62 கிலோமீட்டர் வந்தேன். அணையவில்லை.

நாமக்கல் நெடுஞ்சாலை | இரவு 11.26

ஐந்தாம் கியரில் 1,400 ஆர்பிஎம்மில் உருட்டிக்கொண்டு போயிருப்பீர்கள்.

குரோம்பேட்டை வாசி | இரவு 11.29

என் வண்டி ஆட்டோமேட்டிக். கியரை அது போடுகிறது. மூன்று மணி நேரமாக நான்காம் கியர், நான்காம் கியர் என்கிறீர்களே, எதிரில் இருப்பவனின் வண்டி என்ன என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?

நாமக்கல் நெடுஞ்சாலை | இரவு 11.35

அப்படியானால் கோளாறு ஆட்டோமேட்டிக்கில். வரும் வெள்ளிக்கிழமை சென்னை வருகிறேன். விளக்கு எரிந்தால் சாவியைக் கொடுங்கள். விடியற்காலை 5 மணிக்கு எடுத்து 20 நிமிடத்தில் அணைத்துக் காட்டுகிறேன்.

குரோம்பேட்டை வாசி | இரவு 11.38

என் அலுவலகம் விடியற்காலை 5 மணிக்கு இல்லை. காலை 8.45க்கு வாருங்கள். சாவி தருகிறேன், அருகில் நானும் உட்காருகிறேன். ஜி.எஸ்.டி. சாலையில் கிண்டி வரை ஓட்டுங்கள். கடிகாரத்தை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் நெடுஞ்சாலை | இரவு 11.41

8.45க்கு அந்தச் சாலையில் யார் ஓட்டுவார்கள்?

குரோம்பேட்டை வாசி | இரவு 11.42

நான் ஓட்டுகிறேன். வாரம் ஐந்து நாள்.

போரூர் பட்டறை | இரவு 11.50

ஆயில் பீப்பாயின் படம் இன்னும் வரவில்லை.